நிற்கப் பழக்குதல்

கந்தளாயில் வங்கி பூட்டி வரும் வழியில்
மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை,
நடுத்தெருவில் மாடு.
மிதித்தேன்.
ஸ்டியரிங் உதறியது, பெடல் உள்ளங்காலுக்குள் உதறியது,
ஒரு சாண் மிச்சம் வைத்து நின்றது கார்.
மாடு ஆறுதலாகப் போனது.
நான்தான் அரைமணி நேரம் போகவில்லை.

"டிஸ்க் நெளிஞ்சு போச்சு மிஸ்,
பேட்டும் தகடாப் போச்சு."
மிஹ்ளாரின் கராஜ் அனுராதபுரச் சந்திக்கு உள்ளே.
கழற்றியதை என் கையில் தந்தார்.
விரலை ஓட்டினேன்,
விளிம்பில் ஒரு வரம்பு. அவ்வளவு தேய்மானம்.
எட்டு வருடம் எத்தனை தரம் நின்றிருப்பேன்
என்று கணக்குப் பார்க்க வந்தது. விட்டேன்.

இரவு ஸ்கார்பரோவில் இருந்து தம்பி:
"ஓட்டை போட்டது வாங்கு அக்கா.
பெரிய டிஸ்க். சிவப்புக் கலிப்பர்."
அவன் படம் அனுப்பிய டிஸ்க்
சல்லடை மாதிரி அழகு.
என் சில்லு பதினைந்து அங்குலம்.
அதற்குள் அடங்குவதுதான் என் வீரம்.

"ஓட்டை வழிய வெடிக்கும்," என்றார் மிஹ்ளார்,
"கோடு வெட்டினது சத்தம் போடும்.
ரேஸ் பேட் சூடேறினாத்தான் கடிக்கும்.
நீங்க காலையில
உப்புவெளியில திரும்புற முதல் சந்தியில
அது இன்னும் நித்திரை."
செராமிக் தூசி கொட்டாது, சத்தமில்லை,
விலைதான் சத்தம்.
பாதி உலோகம் கலந்தது
சில்லைக் கறுப்பாக்கும், கீச்சிடும்,
குளிரிலும் பிடிக்கும், சூட்டிலும் பிடிக்கும்.

கடன் விண்ணப்பத்தில் நான் நாளும் பார்க்கிற கட்டம்:
நோக்கம்.
தம்பியின் நோக்கத்தை அடித்துவிட்டு
என்னுடையதை எழுதினேன்: நிற்க.

துளையில்லாத வெறும் டிஸ்க், நல்ல கார்பன் கூடிய வார்ப்பு.
உலோகம் கலந்த பேட்.
புது ரப்பர் குழாய், புது பிரேக் எண்ணெய்.
பழைய எண்ணெய் போத்தலில்
ஆறிப்போன பிளேன்டீ நிறத்தில் கிடந்தது.
பஞ்சிகாவத்தையில் இருந்து பஸ்ஸில் வந்த பெட்டியோடு
எல்லாம் அறுபத்தெட்டாயிரம்.
"முன் டயரும் மொட்டை," என்றார் கடைசியில்,
"டிஸ்க் சில்லைத்தான் நிப்பாட்டும்.
காரை நிப்பாட்டுறது டயர்."
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பிறகு பழக்க வேண்டும்.
அறுபதில் ஓடி, பத்துக்கு இறக்கி,
முற்றாக நிற்காமல், திரும்பவும் அறுபது.
பத்துத் தரம்.
நிலாவெளி வீதி, காலை ஐந்தரை,
ஒரு பக்கம் பனை, மறுபக்கம் இருட்டுக்குள் கடல்.
ஆறாம் தரம் எரிந்த நாற்றம்,
ஏழாம் தரம் டோர்ச் வெளிச்சம்.
கடற்படைக்காரப் பெடியன்,
மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை.
ஒன்றுமில்லாத வீதியில் ஏன் பிரேக் அடிக்கிறாய்
என்பதைத் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்:
"என்ன பழுது?"
முன்பொரு காலம் இந்தக் கேள்விக்கு
கையை வெளியில் நீட்டிக்கொண்டுதான் பதில்.
கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. கவனித்தேன்.
"பழுதில்லை. நிக்கப் பழக்கிறன்."
விளங்கியதோ இல்லையோ,
சில்லுக்குக் குனிந்து மணந்து பார்த்து
மூக்கைச் சுளித்து, போ என்றான்.
மிச்சம் மூன்றும் அவன் பார்க்கத்தான் அடித்தேன்.

இப்போது காலைகளில்
கடற்காற்று ஓரிரவில் பூசிய துரு
முதல் மிதியில் கரகரவென்று தொண்டை செருமும்.
பிறகு பேச்சில்லை.
தம்பி இன்னும் கேட்கிறான், என்ன நிறம் என்று.

நேற்றுக் கோட்டை வீதியில்
புள்ளிமான் ஒன்று குறுக்கே பாய்ந்தது.
மிதித்தேன். உதறல் இல்லை.
பக்கத்து இருக்கையில் இருந்த சோற்றுப்பெட்டி மட்டும்
கீழே விழுந்து திறந்தது.
மான் திரும்பியும் பார்க்காமல்
மதிலில் யாரோ வேட்பாளரின் காதைக்
கிழித்து மென்றது.
பின்னால் ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்.
பருப்பை வழித்துவிட்டுக்
கியரைப் போட்டேன்.