மிச்ச வரிகள்

டச்சுக்குடாவில் கரண்ட் இல்லை.
மெழுகுதிரியைச் சாய்த்துக் கல்லறைக் காலையை
நாலு பேரிடமும் விரல் வைத்து வாசிக்கிறேன்.
மத்தேயுவில் ஒரு தூதர், கல்லின்மேல்.
லூக்காவில் இரண்டு பேர்.
யோவானில் மரியா தனியே போகிறாள்.

எமிலியானுஸின் வள்ளம் திரும்பாத இரவும் இப்படித்தான்.
சம்மாட்டி ஒரு வெளிச்சம் என்றார்,
வாடிக் கூரையில் நின்றவர்.
றெஜினா இரண்டு என்றாள்,
இடுப்பளவு தண்ணீரில் நின்றவள்.
"இதில் எது பொய்?"
இன்ஸ்பெக்டர் கேட்டார்.

மாற்கின் பழைய ஏடுகளில்
பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள்,
ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல்.
அவ்வளவுதான்.
மிச்சத்தைப் பிறகு யாரோ சேர்த்தார்கள்.

றெஜினாவும் பாதியில் எழும்பிப் போனாள்,
கடற்படை முகாம் பக்கம் பார்த்தபடி.
தாளில் நாலு வரி வெறுமை.
"வேறொன்றும் தெரியாது" என்று
நிரப்பியது என் பேனை.

நல்ல கையெழுத்து என்றார் இன்ஸ்பெக்டர்.