பெரட்டுக்கு முன்

ஜனவரி.
உருளைக்கிழங்குப் பாத்தியை ராத்திரி
உறைபனி கருக்கிப் போட்டிருக்கிறது.
பெரட்டுக்கு இன்னும் அரைமணி.
முழங்கால் ஆற்றில் நிற்கிறாள் புஸ்பமணி,
விரல் மரத்து, நூலின் கனம் தெரியாமல்.

இந்த ட்ரவுட்டுக்கு
குளிர்நாட்டில் கடலுக்குப் போய்வரும் சொந்தங்கள் உண்டென்று
போன மாசம் தூண்டிலோடு வந்த
கொழும்புக்காரர் சொன்னார்.
இங்கிருந்தும் தண்ணீர் போகிறது,
கொத்மலை அணையில் தேங்கி, நிமிர்ந்து,
திருகோணமலை வரைக்கும்.
மீன்தான் போனதில்லை.
அவளும்.

வெட்டி இழுக்கிறது நூல்.
ஒரு சாண் உடம்பு,
பக்கத்தில் ரோஸ் கோடு.
கல்லில் ஒரே அடி.

வயிற்றைக் கீறி,
அட்டைக்கென்று மடியில் முடிந்த உப்பை
உள்ளே தடவுகிறாள்.
ஒரு கல் மிச்சம்.
நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம்
சும்மா நிற்கிறாள்.

மேட்டில் சங்கு ஊதிவிட்டது.
மீனைப் படங்கில் சுருட்டிக்கொண்டு
ஓடுகிறாள்.