சரடு

ஸ்ட்ரிங் என்றால் நூல், கயிறு, சரடு.
பட்டம் விடவும் பொட்டலம் கட்டவும் போதுமான அந்தச் சொல்
பழைய பத்திரிகை அலுவலகங்களில்
ஒருவரின் கூலியைக் குறித்தது.

ஊர்ச்செய்தி எழுதி அனுப்புகிறவர்
அச்சில் வந்ததை மட்டும் கத்தரித்து
ஒன்றின் வாலில் ஒன்றின் தலையாக ஒட்டிக்கொண்டே போவார்.
மாதக் கடைசியில் ஆசிரியர் அதை அளப்பார்.
அங்குலத்துக்கு இத்தனை காசு.
தலைப்புக்குக் காசில்லை,
அது அவர்கள் வைத்தது.

நெப்ராஸ்காவில் சோளக்காட்டு நடுவே
ரயில் நிற்பதற்கு யோசிக்கும் ஓர் ஊரில்
ஹல்டா நைக்விஸ்ட்டுக்கு
அங்குலம் மூன்று சென்ட்.
பசை, ரொட்டி மாவில் காய்ச்சியது.

"லிண்ட்க்விஸ்ட் வீட்டுக்கு ஞாயிறன்று
அயோவாவிலிருந்து மைத்துனி வந்திருந்தாள்."
இவ்வளவுதான் நடந்தது. கால் அங்குலம் தேறாது.
ஆகவே மைத்துனிக்கு ஒரு தொப்பி,
தொப்பிக்கு ஓர் இறகு,
இறகுக்கு ஒரு நிறம்,
வழியில் பெய்வதாக இருந்து பெய்யாத மழை.
முடிவில், "அனைவரும் இன்பமாகப் பொழுது கழித்தனர்."
எந்த விருந்துக்கும் பொருந்தும் அந்த ஒரு வரி
ஆண்டுக்கு ஒரு ஜோடி கம்பளிக் காலுறை
வாங்கித் தந்தது அவளுக்கு.

சரடு விடுகிறாள் என்போம் நாம்,
கயிறு திரிக்கிறாள் என்போம்.
இல்லை. பஞ்சு நிஜம்.
கொஞ்சம் இழுத்துத் திரித்தாள்.

ஆம்ப்ரோஸ் டட்டிலுக்கும் தெரியும்.
"இறகு நீலமா, ஹல்டா?" என்று கேட்டபடி
பித்தளை அளவுகோலை நகர்த்துவார்.
"நாற்பத்தொன்று. ஒரு டாலர் இருபத்து மூன்று சென்ட்."

பதினெட்டாம் ஆண்டு அக்டோபரில்
காய்ச்சல் ரயிலேறி வந்தது.
அன்று ரயில் யோசிக்கவில்லை.
தேவாலயம் பூட்டு, பள்ளிக்கூடம் பூட்டு.
விருந்தில்லை, மைத்துனிகள் இல்லை,
எழுத ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஹல்டா கணக்குப் போட்டுப் பார்த்தாள்.
பிறந்த ஊர், வந்த கப்பல், கட்டிய பெண்,
பெட்டி சுமந்த ஆறு பேர் எல்லாம் சேர்த்து
ஆளுக்கு மூன்று அங்குலம், ஒன்பது சென்ட்.
இதுவரை இருபத்தாறு பேர்.
பென்சிலைக் கீழே வைத்தாள்.

பிறகு எடுத்தாள், வெட்டுவதற்கு.
கப்பலை வெட்டினாள். ஆறு பேரையும் வெட்டினாள்.
"எல்சா லிண்ட்க்விஸ்ட். செவ்வாய். வயது ஒன்பது."

முகத்தில் துணி கட்டிக்கொண்டு அளந்தார் டட்டில்.
"பன்னிரண்டு. பக்கம் வெறிச்சென்று கிடக்கிறது,
நீட்டலாமே?"
"நீட்டினால் எனக்கல்லவா காசு."
முப்பத்தாறு சென்ட்டை
மேசை விளிம்புவரை தள்ளி வைத்தார்,
கை படாமல்.

ஊர் அவளை மெச்சும் என்று
அவள் நினைத்திருக்க மாட்டாள். ஆனால் இதையும்
எதிர்பார்த்திருக்க மாட்டாள்.
டிசம்பரில், மளிகைக் கடையில், உப்பு வாங்கும்போது,
எல்சாவின் தாய்:
"என் நாத்தனார் தொப்பிக்கு நாலு வரி கொடுத்தாய்.
என் பெண்ணுக்கு ஒன்றா?"
உப்பை எடுக்காமலே வீட்டுக்கு வந்தாள் ஹல்டா.

அந்த வாரம் எல்சா மறுபடி அச்சில் வந்தாள்.
முன்பல் விழுந்தது, பன்றிக்குட்டிக்குப் பெயர் வைத்தது,
ஏழாம் வாய்ப்பாட்டில் மட்டும் தடுக்கியது.
இரண்டரை அங்குலம்.
ஒரு சொல்லைக்கூட இழுக்க வேண்டியிருக்கவில்லை.

மாதக் கடைசியில் சரடு வந்தது.
நூல் பிடித்தாற்போல் நேராக ஒட்டியிருந்தாள்.
இருபத்தொன்பது அங்குலம்.
அச்சிட்டது முப்பத்தொன்றரை என்று
அளந்தவருக்குத் தெரியும்.
கணக்குப் புத்தகத்தில் ஏழரை சென்ட் என்று எழுதி
பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தார் சற்று நேரம்.
ஒரு சொட்டு மை விழுந்தது.
பிறகு அதன்மேல் ஒரு கோடு.