நாற்பத்தோரு முறை செத்தவர்

புந்தா அரேனாஸில் காற்றடிக்கும் நாளில்
சதுக்கத்து முனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
எங்கள் வகுப்பில் யாரும் கட்டவில்லை.

வகுப்பு என்றா சொன்னேன்?
பாய்லருக்குப் பக்கத்து அறை. நான்கு மேஜை.
ஐந்தாம் வகுப்பை இரண்டாம் தடவை படிக்கிற யெர்கோ,
அதாவது நான்;
மூன்றாம் தடவை படிக்கிற நவேல்;
வாயே திறக்காத மில்லராய்;
விடியுமுன் அப்பாவோடு நண்டுப் படகுக்குப் போய்விட்டு
மேஜையில் கன்னம் வைத்துத் தூங்கும் பால்டசார்.
மாடி வகுப்புகளில் எங்களுக்குப் பெயர் 'கீழே இருப்பவர்கள்'.
அது வெறும் விலாசம்தான், வசவு இல்லை
என்று எங்கள் அம்மாக்களிடம் விளக்கினார்
தலைமையாசிரியர்.

மிமிக்கா டீச்சர் ஜூனில் வந்தார்,
பத்து மணிக்குச் சூரியன் சோம்பல் முறிக்கிற மாதம்.
முதல் நாளே நவேலின் பையிலிருந்து
கேமைப் பிடுங்கிக்கொண்டார்.
சரி, வழக்கம்தான்.
மறுநாள் கண் சிவக்க வந்து நின்றார்:
"நாலாவது கலங்கரை விளக்கத்தில்
அந்தக் கடற்சிங்கத்தை எப்படித்தான்டா தாண்டுவது?"

நாலு பேரும் ஒன்றாகக் கத்தினோம்.
மில்லராய்கூட உதட்டை அசைத்தாள்.
"சொன்னால் மறந்துபோகும்," என்றார். "எழுதிக் கொடுங்கள்."

பொறி என்று தெரிந்திருந்தால் எழுதியிருப்போமா?

எழுதியதைச் செய்தார். எழுதியதை மட்டும்.
'தாண்டு' என்று எழுதினேன், எந்தப் பக்கம் என்று எழுதவில்லை;
நரி நேரே கடலுக்குள் போனது.
'கதவைத் திற' என்றது பால்டசாரின் தாள்.
மூன்று கதவு. அவர் திறந்தது
கரடி இருந்ததை.
'காத்திரு' என்றான் நவேல். டீச்சர் காத்திருந்தார்.
அலை வந்து நரியை விழுங்கியது.
"ஐயோ, அது தானாகத் தெரிய வேண்டாமா?"
"தாளில் இல்லையே, நவேல்."

இப்படியே செத்தார், எங்கள் கையெழுத்தால்,
விடுபட்ட 'இடது'களால்,
எட்டைப் போலிருந்த என் மூன்றால் ஒருமுறை.
மில்லராய் மேஜைக்கடியில் கோடு போட்டு எண்ணினாள்.

நவேலின் மாமா விளையாடிய பழைய கேம் அது,
உப்புக்காற்றில் கேசட்டின் பேட்டரி செத்திருந்தது.
எதையும் சேமிக்க முடியாது.
ஒவ்வொரு காலையும் முதல் விளக்கிலிருந்து.
ஆனால் அதற்காக யாரும்
வீட்டுக்குக் கடிதம் அனுப்பவில்லை.
திரை கறுக்கும். இரண்டு சொடுக்கு.
மறுபடி கரையில் நரி, வால் உலர்ந்து.

நாற்பத்தோராவது சாவுக்குப் பிறகு
மில்லராய் பதினோரு பக்கம் கொண்டுவந்தாள்.
மூன்றாம் அலை போனதும் ஒரு மூச்சு விடு,
பிறகு இடது கீழ்க் கதவு,
கடற்சிங்கம் கொட்டாவி விடும்போது
தாண்டு, வலப்பக்கம், மூன்றடி.
இழுத்திழுத்துப் படித்தேன்.
எழுத்துகள் வழக்கம்போல ஆடின,
ஆனால் நரி கடந்துவிட்டது.

அன்றைக்கே யாரோ மேலே போய்ச் சொல்லிவிட்டார்கள்.
தலைமையாசிரியர் வந்தார். கேம் அலமாரிக்குள் போனது.
சாவி அவர் சட்டைப் பைக்குள்.

மறுநாள் டீச்சர் ஒன்றும் பேசவில்லை.
நவேல்தான் நாற்காலிகளைத் தள்ளினான்:
இது முதல் விளக்கு, அது இரண்டாவது.
பால்டசார் கடற்சிங்கமானான்,
படுத்துக்கொண்டே செய்யலாம் என்பதால்.
நான் நரி.
பதினோரு பக்கத்தையும் உரக்கப் படித்தாள்
மில்லராய்; அவளுக்கு இப்படியொரு குரலா
என்று தடுக்கி விழுந்தேன்.

சத்தம் கேட்டு அவர் வாசலில் வந்து நின்றார்.
"இங்கே என்ன நடக்கிறது?"

மில்லராய் தாளிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:
"சார், நீங்கள் அலையில் நிற்கிறீர்கள்."

கோபத்தில்தானா, குழப்பத்திலா,
அவர் வலப்பக்கம் நகர்ந்தார்.
இரண்டடி.

தாளில் மூன்று என்று இருந்தது.
என் மூன்றைப் போல இல்லை,
தெளிவாகத்தான் இருந்தது.
மில்லராய் மேஜைக்கடியில் குனிந்து
ஒரு கோடு போட்டாள்.