பிழைத்த மீன்கள்

வால்டிவியாவில் ஒன்பதாம் நாளாக மழை.
மீன் சந்தைக்கு மேலே இரண்டாம் மாடியில்
ஐந்து பேர், ஒரு மின்சார அடுப்பு.
அதில் ஒரு கம்பி மட்டும் சிவக்கிறது.
கீழே ஆற்றங்கரையில் கடற்சிங்கங்கள்
மீன் தலைக்காகக் குரைக்கின்றன.
குறிப்பெடுப்பவன் நான். வாய் திறக்கக் கூடாது.

உல்மோ மொழியின் நான்காம் பதிப்பில்
வரிக்கடைசி அரைப்புள்ளியை எடுத்துவிட்டோம்.
சரியா என்பதுதான் பேச்சு.

‘எட்டு மாதமாச்சு, யாரும் அழவில்லை,’ என்கிறார் எலிசேயோ,
டப்பாத் தூள் காப்பியைக் கலக்கியபடி.
‘வரி முடிந்தால் முடிந்தது.
வாசலில் காவலாள் எதற்கு?’

ராயென் மடிக்கணினியைத் திருப்பி வைக்கிறாள்.
பிழை அறிக்கை 2217. சிலோயே தீவு.
அனுப்பியவர் நோல்பெர்த்தோ வென்சுமான்,
சால்மன் பண்ணையில் தீவனக் கணக்கு.
நிரல் எழுதத் தானாகக் கற்றவர், இரவுப் பணியில்.

அவர் வழக்கம் இது:
முதல் வரியில் கூண்டில் விட்ட மீன்.
அடுத்த வரியின் தலையில் ஒரு கழித்தல் குறி,
அதன்பின் செத்த மீன்.
ஒன்றன்கீழ் ஒன்று,
பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டைப் போல.

மூன்றாம் பதிப்பு இதை ஒரே வாக்கியமாகப் படித்தது;
அரைப்புள்ளி வரும்வரை
மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது.
நான்காம் பதிப்போ முதல் வரி முடிந்ததும்
கை கழுவி எழுந்துவிடுகிறது.
செத்த மீன்கள் கீழே தனியாக,
எதிலிருந்தும் கழியாமல்,
யாரும் கேட்காத ஒரு குறை எண்.

சிவப்பு எழுத்து இல்லை. ஒரு முனகல் இல்லை.
பதினொரு நாள்
பதினாலாயிரம் செத்த மீனுக்கும் சேர்த்துத் தீவனம் போயிருக்கிறது.
தின்ன ஆளில்லாத உருண்டைகள் அடியில் ஊறி
நீர் கறுத்த பிறகுதான்
நோல்பெர்த்தோ கணக்கைத் திறந்தார்.

எங்கள் பிழையால் அவை பிழைத்திருந்தன.
பதினொரு நாள். திரையில் மட்டும்.

‘கையேட்டில் இருக்கிறதே,’ என்றான் ததேயோ.
‘எங்கே?’
‘நூற்று நாற்பதாம் பக்கம்.’ பிறகு, மெதுவாக, ‘அடிக்குறிப்பில்.’

‘கழித்தல் குறியை மேல்வரிக் கடைசியில் போடச் சொல்வோம்.’
‘தீவு முழுக்க நீங்களே போய்ச் சொல்வீர்களா?’
அப்புறம் இருபத்தைந்து நிமிடம் அடைப்புக்குறி பற்றி.
என் குறிப்பில் அது ஒரு வரி:
அடைப்புக்குறி. முடிவில்லை.

அரைப்புள்ளியை எடுக்கச் சொன்னவள் மைத்தேனா.
இதுவரை பேசவில்லை.
மூலநிரலில் எதையோ தேடிக்கொண்டிருந்தவள்
ஒரு வரியை உரக்கப் படித்தாள்:
‘கழித்தல் குறியில் யாரும் வரி தொடங்க மாட்டார்கள்.’
யார் எழுதியது என்று ததேயோ கேட்டான்.
அவள் அதை அழிக்கப் போனாள். அழிக்கவில்லை.
அடியில் தட்டினாள்:
‘நோல்பெர்த்தோ வென்சுமான் தொடங்குகிறார்.’

சரி, கழித்தலில் தொடங்கினால் மேல்வரியோடு ஒட்டிவிடலாம்.
‘ஒட்டினால்,’ என்றார் எலிசேயோ,
‘புன்டா அரேனாஸ் வானிலை நிலையம்?
அவர்கள் கடைசி வரி வெறும் வெப்பநிலை.
மைனஸ் ஏழு.
அதைக் கொண்டுபோய் எதில் கழிப்பாய்?’

அடுப்புக் கம்பி டிக்கென்றது.

வாக்கெடுப்பு இரண்டுக்கு இரண்டு.
நால்வரும் என்னைப் பார்த்தார்கள்.
குறிப்பெடுப்பவனுக்குக் கை கிடையாது,
நாங்களே எழுதிய விதி.
எச்சரிக்கை ஒன்று சேர்ப்பதாக மட்டும் ஒத்துக்கொண்டார்கள்,
மஞ்சள் நிறத்தில்.
எந்த மஞ்சள் என்பது அடுத்த வாரம்.

பதில் எழுதும் வேலை என் தலையில்.
இரவு இரண்டு மணிக்கு அனுப்பினேன்.
நான்கு நிமிடத்தில் திரும்பி வந்தது:

‘கழித்தலை மேல்வரிக்கு ஏற்றிவிட்டேன், நண்பரே.
கணக்கு இப்போது சரி.
அரைப்புள்ளியை மட்டும் நான் எடுக்கவே இல்லை,
இன்னும் எல்லா வரியிலும் போடுகிறேன்.
நீங்கள் பார்ப்பதில்லை என்று தெரியும்.
கை கேட்க மாட்டேன் என்கிறது.’