மூன்றாவது துளை

செத்த பிறகுதான் குண்டுச் சத்தம் கேட்டது.
அதுவும் சூடான எண்ணெயில்
கடுகு போட்ட மாதிரி.
"அக்கா, மைக்ல தாளிக்கிறியா?" என்றான்
காசிமேட்டிலிருந்து காட்வின்.
அவன் முகத்தை நான் பார்த்ததில்லை.
குரலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு டேபிள் ஃபேன்.

புது லேப்டாப்.
பதினெட்டு மாதத் தவணையில்
முதல் மாதமே இன்னும் கட்டவில்லை.
மூடியில் ஒட்டிய பிளாஸ்டிக்கை
ஓரத்தில் மட்டும் உரித்துவிட்டு
மிச்சத்தை உரிக்க மனசு வராமல் வைத்திருந்தேன்.

திரையிலும் கோளாறு.
நான் ஓடினால் என் நிழல் சுவரில் சிக்கிக்கொள்ளும்.
வானம் இருக்கவேண்டிய இடத்தில்
ஊதாக் கட்டம் போட்ட லுங்கி விரிந்துகிடக்கும்.
இடுப்புவரை தரையில் புதைந்த எதிரி ஒருவன்
என்னைப் பொறுமையாகச் சுட்டான்.

வில்லிவாக்கம், மூன்றாவது மாடி, மே மாதம்.
பகல் முழுக்க அம்பத்தூரில் டயர்க் கணக்கு.
இரவு பதினொன்றுக்கு மேல் நானும் மெக்கானிக்.
டிரைவரை அழித்தேன், திரும்பப் போட்டேன்,
அதற்கு முந்தையதைத் தேடிப் போட்டேன்.
ஒலியை மெருகேற்றித் தருவதாகச் சொன்ன
அத்தனையையும் அணைத்தேன்.
பின்பக்கத்தை இரண்டு தீப்பெட்டிமேல் தூக்கி நிறுத்தி
மூச்சுவிட இடம் கொடுத்தேன்.
மூன்றாம் நாள்தான் தெரிந்தது,
உள்ளே இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு.
சின்னது மூச்சிரைக்க உழைக்கிறது,
நான் காசு கொட்டிய பெரியது தூங்குகிறது.
எங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்தது.
பெரியதை எழுப்பினேன்.
லுங்கி சுருண்டு, வானம் வந்தது.

கடுகு மட்டும் நிற்கவில்லை.

சனிக்கிழமை ரிச்சி தெரு.
ஷபீக் என்கிற பையன்
தன் பிளக்கில் சொருகி, என் ஹெட்செட்டை மாட்டி,
பத்து நிமிடத்தில் எனக்காக நாலு பேரைக் கொன்றான்.
ஒரு பொரிச்சல் இல்லை.
டாக்டர் வாசலில் காய்ச்சல் இறங்கின குழந்தையாக
சாதுவாக உட்கார்ந்திருந்தது.
"காசு வேணாம்க்கா, நான் ஒண்ணும் செய்யலையே."
திரும்பும் பஸ்ஸில் மடியில்தான் வைத்திருந்தேன்.
அதோடு பேசவில்லை.

அன்றிரவு ஒன்றேகாலுக்கு டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
வைஃபை போனது, காட்வின் போனான்,
அவன் ஃபேனும் போனது.
பேட்டரியில் திரை மட்டும் மிச்சம்:
இணைப்பு துண்டிக்கப்பட்டது.
அந்த அறிவிப்புக்குப் பின்னால்
விளையாட்டின் வாசல் மண்டபத்தில்
மழை பெய்துகொண்டிருந்தது.
மூன்று வாரமாக அங்கேதான் நிற்கிறேன்.
மழை என்று அன்றுதான் தெரிந்தது.
தகரத்தில் ஒரு துளி. இலையில் ஒரு துளி.
எங்கோ குழாய்க்குள் இறங்கும் தண்ணீர்.
முதுகில் வியர்வை வழிய, கொசு கடிக்க,
ஆடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கரண்ட் வந்தது. கடுகும் வந்தது.

எலக்ட்ரீசியன் தணிகாசலம்
ஹோல்டரில் தொங்கிய பல்பின் ஒரு ஒயரை
பிளக்கின் மூன்றாவது துளையில் வைத்துப் பார்த்தார்.
எரியவில்லை.
போர்டைக் கழற்றினார்.
துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை,
ஒரு சிலந்தி இருந்தது.
"எர்த் இல்லம்மா. இது சும்மா ஓட்டை.
பில்டிங்குக்கே கிடையாது போல."

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.
"பன்னெண்டு வருஷமா எத்தனை பேர் குடியிருந்தாங்க,
யாரும் சத்தம் கேக்குதுன்னு சொன்னதில்லையே."

உண்மைதான்.
நானே சொன்னதில்லை.
ஃப்ரிட்ஜைத் தொட்டால் விரல் சிலிர்க்கும்,
செருப்புப் போட்டுக்கொண்டு திறப்பேன்.
வாஷிங் மெஷினுக்கு ஒரு மரக்கரண்டி.
அது வீட்டின் சுபாவம் என்றிருந்தேன்.

இப்போதைக்கு நிலவரம் இதுதான்.
ஒயர் சொருகினால் படம் வழுக்கிக்கொண்டு ஓடும்,
காதில் கடுகு.
ஒயரைப் பிடுங்கினால் படம் திக்கும்,
ஆனால் புல் மிதிபடுவதுகூடக் கேட்கும்,
நாற்பது நிமிடத்துக்கு.

பிடுங்கிவிட்டேன்.

"அக்கா, பின்னாடி ஒருத்தன் வர்றான்!"
தெரியும்டா.
ஜல்லியில் கால் வைத்தபோதே கேட்டுவிட்டது.
முதலில் உன் ஃபேனுக்கு எண்ணெய் விடு.