உச்சி மட்டும் வெளியே

ஒரு பெட்டிக்கு ஆறு போத்தல்.
நாளுக்கு நூற்று இருபது பெட்டி.
பிறை, சுங்கக் கிடங்கு, நான்காம் கதவு.
ஏர்கோன் ஓடும் ஒரே அறை என்பதால்
பளு ஏற்றும் ஈஸ்வரிக்கு என்மேல் பொறாமை.

என் வேலை ஒட்டுவது.
மது உடல்நலத்தைக் கெடுக்கும் என்று
மலாயில் சொல்லும் வெள்ளைத் தாள்,
மூன்று விரல் அகலம்.
பேரை மறைக்காதே, ஆண்டை மறைக்காதே
என்றார் ஃபைசுல்.
படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
படத்தில் ஒரு மலை.

அல்யானிக்கோ.
எழுத்துக்கூட்டித்தான் படித்தேன்.
லாரி ஓட்டும் கெங் ஹோக்குக்கு
ஏற்றி இறக்கும் எல்லாவற்றின் கதையும் தெரியும்.
இத்தாலிக்குத் தெற்கே வுல்துரே என்று
செத்துப்போன எரிமலையாம்.
அதன் சாம்பலில் வேர்விட்ட கொடியாம்.
ஊரிலுள்ள திராட்சையெல்லாம் பறித்து ஓய்ந்தபின்
குளிரில் தனியாய் நின்று
நிதானமாகக் கறுக்குமாம்.
"லேட்டாகக் கல்யாணம் செய்பவர்கள் மாதிரி" என்று சிரித்தார்.
எனக்கு முப்பத்தொன்பது.
டேப்பை நீளமாகக் கிழித்தேன்.

ஐந்தாம் படிவத்தில்
மலைக்குக் குறிஞ்சி, காட்டுக்கு முல்லை என்று
மனப்பாடமாய் ஒப்பித்தவள்தான் நான்.
எரிந்து முடிந்த மலை எந்தத் திணை?
அதற்கு எந்தப் பூ, எந்தப் பொழுது?
யவனர் மரக்கலத்தில் தேறல் கொண்டுவந்தார்கள்,
இரண்டு மதிப்பெண்.
அதற்குத் தாள் ஒட்டியது யார் என்று
கேள்வி வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்று கை நழுவியது.
சிமெந்துத் தரையில் அது அவசரப்படாமல் பரவியது.
முழங்காலிட்டுத் துடைத்தேன்.
புதுச் சட்டி வாசம், மிளகு,
அசாம் போயின் புளிப்பு,
பிறகு, அடுப்பு அணைந்து வெகுநேரம் கழித்து
கரியிடம் மிஞ்சியிருக்குமே, அது.
நாக்கில் வைக்கவில்லை.

அப்பா குடித்த சம்சுவிலும்
இதே எச்சரிக்கை இருந்தது,
இதைவிடச் சிறிய எழுத்தில்.
அதில் மலை இல்லை.
எந்த ஊர்த் தண்ணீர், எந்த மண்
என்று ஒரு வரிகூட இல்லை.
குடித்தவர் பேர் மட்டும்
பெரியாஸ்பத்திரிச் சீட்டில் இருந்தது.

அன்றிலிருந்து தாளைக் கோணலாக ஒட்டுகிறேன்.
வலது மூலை இறங்கியிருக்கும்,
மலையின் உச்சி மட்டும் வெளியே.
பார்ப்பவர்கள்
கை நடுங்கும் யாரோ ஒட்டியது என்பார்கள்.
காம்பல் சாலை உணவகத்திலிருந்து
புகார் வந்தது, படத்தோடு.
ஃபைசுல் கைபேசியை நீட்டினார்.
நல்ல மேசைவிரிப்பு. ஒரு மெழுகுவத்தி.
நடுவே என் கோணல்.
"நேராக ஒட்டு, லா."
சரி என்றேன்.
அடுத்த பெட்டியைத் திறந்தேன்.

ஆறரை மணிப் படகு.
செருப்பு விளிம்பில் ஊதாக் கறை,
குளோராக்ஸுக்கும் போகவில்லை.
எதிரே கொடிமலை.
அதன் உச்சியை முழுதாய் மூடி
வெள்ளையாய் ஒரு மேகம்,
அளவெடுத்ததுபோல் நேராக.
யார் வேலையோ.
என்னைவிட ஒழுங்கான கை.